தேய்தலும் தேய்த்தலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சங்க இலக்கியத்தில் உடைநலன்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு பொறுப்பாளர்கள் என்னைப் பணித்திருந்தார்கள். அது என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். பழைய குறிப்பேட்டைத் தூசி தட்டி எடுத்தால் ஒரு மணி நேரம் எவ்வித இடர்ப்பாடுமின்றிப் பேசிவிட இயலும். அவ்வாறே பேசவும் எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என் மகன் ஒரு நேர்காணலுக்காக வெள்ளைச் சட்டை ஒன்றைத் தேய்க்க முயன்று, முன்பக்கத்தைச் சீர்செய்தால் பின்பக்கம் கசங்குகிறது என்று சலித்துக்கொண்டான். நான் பெட்டியை வாங்கி வரிசைமுறையைக் காட்டினேன். முடித்ததும் அவன், "உங்களுக்கு யார் அம்மா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டான். "தாத்தா" என்றேன். அது உண்மை. ஆயினும் முழு உண்மையன்று என்பது அன்றிரவு முழுவதும் என்னை உறுத்தியது. ஆகவே தலைப்பைச் சற்றே மாற்றிக்கொள்ள அவையின் இசைவை வேண்டுகிறேன். வீட்டில் ஒரு சட்டையைத் தேய்ப்பது பற்றிப் பேசப் போகிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் மாதக் கூட்டங்களில் நெசவாளர் பற்றியும் உழவர் பற்றியும் எத்தனையோ கவிதைகளைக் கேட்டிருக்கிறேன். சலவைப் பெட்டி வந்த கவிதை ஒன்றும் என் நினைவில் இல்லை.

தமிழாசிரியை என்பதால் சொல்லிலிருந்து தொடங்குவதைப் பொறுத்தருள வேண்டும். 'இஸ்திரி' என்பது போர்த்துகீசியர் வழி வந்த சொல். நீட்டுதல், இழுத்து விரித்தல் என்று பொருள்படும் 'எஸ்திரார்' என்னும் வினையே அதன் மூலம் என்பர். பொத்தானும் அதே கப்பலில் வந்ததுதான். வடமொழியில் பெண்ணைக் குறிக்கும் 'ஸ்திரீ' என்னும் சொல்லோடு அது ஒலியால் நெருங்கி நிற்பது தற்செயல். ஆனால் நம் வீடுகளைப் பார்த்தால் அத்தற்செயலும் ஏதோ அறிந்தே நிகழ்ந்ததாகத் தோன்றுகிறது. எங்கள் நெல்லைப் பக்கத்தில் 'பெட்டி போடுதல்' என்போம். யாழ்ப்பாணத்தார் 'மினுக்குதல்' என்பர். அதுவும் அழகான சொல். இவற்றுள் எனக்கு நெருக்கமானது 'தேய்த்தல்'. தேய்தல் தன்வினை, தேய்த்தல் பிறவினை. நிலவு தேய்கிறது, சந்தனம் தேய்கிறது, கைரேகை தேய்கிறது. சட்டையை ஒருவர் தேய்க்கிறார். வகுப்பில் இவ்விலக்கணத்தை நடத்தும்போதெல்லாம் ஒரு மாணவியாவது, "தேய்ப்பவரும் தேய்கிறார்தானே அம்மா?" என்று கேட்பாள். அதற்கு இலக்கணத்தில் இடமில்லை என்று சொல்லி அடுத்த நூற்பாவுக்குச் சென்றுவிடுவேன்.

இன்னொரு சொல் 'சுருக்கம்'. துணியில் இருந்தால் நீக்க வேண்டியது. ஆய்வேட்டில் இருந்தால் முதலில் வைக்க வேண்டியது. என் ஆய்வுச் சுருக்கம் பற்றிப் பின்னர் வருகிறேன்.

சட்டை நமக்குப் பிந்தி வந்த உடை. முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர்தாம் மெய்ப்பை அணிந்து நிற்கின்றனர். புலவருக்கு அந்தக் கோலம் சொல்லத்தக்க அளவுக்குப் புதுமையாக இருந்திருக்கிறது. தைக்காத உடைக்குக் கஞ்சியும் மடிப்பும் போதும். வேட்டியை இருவர் இரு முனையில் பற்றி உதறி இழுத்து மடித்துத் தலையணைக்குக் கீழ் வைத்தால் காலையில் அது தேய்த்ததுபோல் இருக்கும். தையல் வந்தபின், காலர் வந்தபின், அந்த வித்தை செல்லவில்லை. உடம்பின் வளைவுக்காக வெட்டித் தைத்ததைத் தட்டையான பலகையில் கிடத்தி நேராக்க வேண்டும். அதில்தான் சிக்கலே இருக்கிறது. அமெரிக்காவில் சாரா பூன் என்னும் கறுப்பினப் பெண்மணி 1892-இல் தேய்ப்புப் பலகை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பெண்களின் உடைகளில் சட்டைக் கையையும் உடற்பகுதியையும் தேய்ப்பதற்கென்றே குறுகலாக, வளைவாக அமைத்த பலகை அது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1882-இல், நியூயார்க்கில் ஹென்றி சீலி மின்சாரப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சூடு எங்கிருந்து வரும் என்பதை அவர் சிந்தித்தார். கை எப்படித் திரும்பும் என்பதை அந்த அம்மையார் சிந்தித்தார். எனக்கு இரண்டாவதே பெரிதாகப் படுகிறது.

என் தந்தையார் கற்பித்த முறையைச் சொல்கிறேன். சட்டை முழுதும் காய்வதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் நீர் தெளித்துச் சுருட்டி அரை நாழிகை வைக்க வேண்டும். அப்போதுதான் ஈரம் எங்கும் ஒருபடியாகப் பரவும். முதலில் காலர், அதிலும் உட்புறம் முதலில், வெளிப்புறம் பின்னர். இரு முனைகளிலிருந்தும் நடுப்பகுதியை நோக்கி வர வேண்டும். நடுவிலிருந்து முனைக்குச் சென்றால் மிகுதித் துணி முனையில் திரண்டு மடிந்துவிடும். காலரின் முனைதான் எதிரே நிற்பவர் கண்ணில் முதலில் படுவது. அடுத்து, தோளின்மேல் குறுக்காக ஓடும் இரட்டைத் துணி. அதன்பின் கைப்பட்டிகள், கைகள். பின்னர் முன்பக்கம், பொத்தான்களுக்கு இடையே பெட்டியின் முனை மட்டும் புகுந்து வெளிவர வேண்டும். கடைசியில் முதுகு. சிறியதும் தடித்ததும் முதலில், அகன்றதும் மெல்லியதும் இறுதியில். முடித்த சூட்டோடு மடிக்கக் கூடாது. தொங்கவிட்டு ஆறவிட வேண்டும்.

ஏன் ஈரம், ஏன் ஆறவிடுதல் என்பதை எங்கள் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஒருவர் எனக்கு விளக்கினார். பருத்தி இழையின் மூலக்கூறுகளை அருகருகே பிணைத்து நிற்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நீர் அவற்றைத் தளர்த்துகிறது. சூடு நீரை விரட்டும்போது, துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அவை மீண்டும் பூட்டிக்கொள்கின்றன. கசங்கிய நிலையில் உலர்ந்தால் கசங்கலே அதன் இயல்பாகிவிடும். பருத்திக்கு ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை சூடு தாங்கும். பாலியஸ்டர் கலந்த துணிக்கு 150-க்கு மேல் ஆகாது. பெட்டியின் திருகில் மூன்று புள்ளி, இரண்டு புள்ளி என்று இட்டிருப்பது இதற்குத்தான். மிகுந்த சூட்டில் பாலியஸ்டர் இழை உருகி, கண்ணாடிபோல் மினுங்கி இறுகும். பருத்தியில் விழுந்த மெல்லிய பொன்னிறக் கறையை வெயிலும் எலுமிச்சையும் ஓரளவு போக்கும். உருகிய இழையை எதுவும் மீட்காது.

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை.

1992-ஆம் ஆண்டு தை மாதம். எனக்குப் பதினொரு வயது. சங்கரன்கோவிலுக்கு அருகில் ஒரு சிற்றூரில் என் தந்தையார் தொடக்கப் பள்ளி ஆசிரியர். அவரிடம் வெளியூர் செல்வதற்கென்று ஒரே ஒரு வெள்ளை டெரிகாட்டன் சட்டை இருந்தது. திருவள்ளுவர் நாளை ஒட்டி நகரில் நடந்த கவியரங்கம் ஒன்றில் கவிதை படிக்க அவருக்கு முதன்முறையாக அழைப்பு வந்திருந்தது. பத்து நாள் எழுதினார், அடித்தார், மீண்டும் எழுதினார். அம்மாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். அம்மா புளி கரைத்துக்கொண்டே கேட்டார்கள்.

எங்கள் தெருத் துணிகளை ஓர் அம்மையார் எடுத்துச் செல்வார். அவர் பெயரை நான் இங்குச் சொல்லப் போவதில்லை. அன்று எங்கள் தெருவில் பத்து வயதுக் குழந்தைகூட அவரைப் பெயர் சொல்லித்தான் அழைத்தது, நானும் அழைத்தேன். இனி ஒருமுறை அந்தப் பெயரை அடைமொழியின்றி உரைக்க எனக்கு மனமில்லை. அவருக்குப் பதினாறு வயதில் ஒரு மகன். வேப்பமரத்தடியில் பலகை போட்டு, சிரட்டைக் கரி நிரப்பிய பித்தளைப் பெட்டியால் தேய்த்துத் தருவார். தந்தையாரின் சட்டையும் அவர் கையால் தேய்க்கப்பட்டு, முந்தைய நாள் மாலையே நாளிதழில் மடித்து வந்துவிட்டது.

அந்த மாதந்தான் எங்கள் வீட்டில் மின்சாரப் பெட்டி ஒன்று வாங்கியிருந்தோம். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் திருகு இல்லாத பழைய வகை. செருகினால் எடுக்கும்வரை சூடு ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டில் யாரும் இல்லாத நேரம். அப்பாவின் காலர் இன்னும் விறைப்பாக நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சட்டையை விரித்தேன். காலரைச் செவ்வனே முடித்தேன். பிறகு பையின் மேற்பகுதியில் பெட்டியை வைத்துவிட்டு, வாசலில் பால்காரர் குரல் கேட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான். எடுத்தபோது துணி ஒட்டிக்கொண்டு வந்தது. இடது மார்பில், உள்ளங்கை அளவில், பழுப்பு நிறத்தில் பெட்டியின் முன்பாதி அப்படியே பதிந்திருந்தது.

நான் அழவில்லை. சட்டையை அது வந்த மடிப்பிலேயே மடித்தேன். அதே நாளிதழில் வைத்தேன். வந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் காலை தந்தையார் அதனைப் பிரித்தார். அம்மா ஆளனுப்பி அந்த அம்மையாரை அழைத்தார்கள். அவர் வழக்கம்போல் கொல்லைப்புறமாக வந்து நின்றார். அம்மா கடுமையாகப் பேசினார்கள். பையனைப் பற்றி, பொறுப்பைப் பற்றி, ஒரே சட்டையைப் பற்றி. அம்மையார் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கறையின்மேல் விரல் வைத்து அதன் ஓரத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். முனையில் வந்து விரல் நின்றது.

கரிப்பெட்டியின் அடிப்பாகம் அகலமானது. அதன் முனை மழுங்கலாக இருக்கும். கறையின் முனையோ கூர்மையாக இருந்தது. ஆயுள் முழுதும் துணியோடு வாழ்ந்தவருக்கு இதைக் காண ஒரு நொடி போதும். அவர் நிமிர்ந்து, கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். பின் அம்மாவைப் பார்த்து, "பையன் கவனக்கொறவா இருந்துட்டான்மா. இந்த மாசக் கூலி வேண்டாம்மா" என்றார்.

நான் பேசவில்லை. பேசியிருக்கலாம். அடி விழுந்திருக்காது, எங்கள் வீட்டில் யாரும் அடிப்பதில்லை. இருந்தும் பேசவில்லை.

தந்தையார் அந்தச் சட்டையையே அணிந்து, இடது தோளில் ஒரு துண்டை மடித்து மார்பு மறையத் தொங்கவிட்டுக்கொண்டு கவியரங்கத்துக்குச் சென்றார். கை தட்டினார்களாம். அதுமுதல் வெளியில் செல்லும்போதெல்லாம் துண்டு போடுவது அவர் வழக்கமாயிற்று. "கட்சியில் சேர்ந்துவிட்டீரோ?" என்று உடன் ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். அவர் புன்னகை செய்வார்.

அந்தப் பையனிடம் இனித் துணி கொடுப்பதில்லை என்று அம்மா முடிவு செய்தார்கள். செய்தி தெருவில் பரவியது. தெருவில் வேறு சிலரும் நிறுத்தினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தந்தையார் கூடத்தில் போர்வையை நான்காக மடித்து விரித்து, என்னை அருகில் உட்காரவைத்துத் தம் சட்டையைத் தாமே தேய்க்கத் தொடங்கினார். எங்கள் ஊரில் அன்று ஆண்மகன் ஒருவர் வீட்டில் பெட்டி பிடிப்பது காணாத காட்சி. காலர், தோள், கைப்பட்டி என்று வரிசையைச் சொல்லிக்கொடுத்தார். "பெட்டியை எங்கும் நிறுத்தாதே. நின்ற இடம் காட்டிக்கொடுத்துவிடும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. 2016-இல் மறையும்வரை சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் அவர் ஏன் அந்த அம்மையாரிடம் சென்று ஒரு சொல் சொல்லவில்லை என்ற கேள்வியும் எனக்கு உண்டு. அவர்மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. அந்தக் கேள்வி அதனினும் சிறிதன்று.

இனி என் ஆய்வேட்டுக்கு வருகிறேன். 2009-இல் பட்டம் பெற்றேன். துகில், கலிங்கம், அறுவை, பூந்துகில் என்று உடைப்பெயர்களைத் தொகுத்தேன்; வந்துள்ள இடங்களை எண்ணினேன்; உவமைகளை வகைப்படுத்தினேன். அவ்வுடைகளை வெளுத்தவளைச் சங்கப் புலவர்கள் 'புலைத்தி' என்கின்றனர். பிற்காலத்தில் வசைச்சொல்லாய்த் தேய்ந்துபோன அச்சொல் அவர்கள் பாட்டில் வசையாக நிற்கவில்லை. அவர்கள் அவளை எவ்வளவு அருகில் நின்று பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். நற்றிணை 90-ஆம் பாட்டில் ஊரில் விழா. உடைக்காக வருவோர் பலர். அவள் கைக்கு ஓய்வே இல்லை. சோற்றுக் கஞ்சியிட்ட துணியை இரவிலே தோய்க்கிறாள். அகநானூறு 34-இல் கஞ்சியில் ஊறி நலிந்த மெல்லிய விரல்களும் அகன்ற தோள்களும் அவளுக்கு உண்டு. அதே நூலின் 387-ஆம் பாட்டில் உவர் பட்டுத் தலைமயிர் உதிர்ந்த அவள் பிள்ளைகள்கூட வருகிறார்கள். புறநானூறு 311-இல் களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் நாள்தோறும் வெளுத்த தூய வெள்ளாடை, ஒரு வீரனின் மேனியில் மாசுபடுகிறது. குறுந்தொகை 330-இல் அவள் கஞ்சி தோய்த்து அடித்து முறுக்கிக் குளத்து நீரில் இட்ட துணி, பகன்றைப் பூவுக்கு உவமையாகிறது. முறுக்கிய துணி நீருக்குள் எப்படி இருக்கும் என்பது, துறைக்குச் சென்று நின்று பார்த்தவர்க்கன்றித் தெரியாது.

விரல், தோள், கை ஓயாமை, பிள்ளையின் தலை என்று அத்தனையும் பாட்டில் இருக்கின்றன. இவற்றுக்கு முந்நூற்றுப் பதினெட்டுப் பக்க ஆய்வேட்டில் நான் அளித்த இடம் ஓர் அடிக்குறிப்பு. 'புலைத்தி: ஆடை ஒலிப்பவள்' என்பது முழு வாசகம். ஆய்வுச் சுருக்கத்தில் அதுவும் இல்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளராக வந்த பேராசிரியர், "ஆடைகளை எண்ணியிருக்கிறீர்கள் அம்மா, வெளுத்தவர்கள் எங்கே?" என்று கேட்டார். "அது என் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது ஐயா" என்று விடையிறுத்தேன். அனைவரும் தலையசைத்தனர். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-லேயே வெளிவந்துவிட்டது. ஆரோக்கியம் என்னும் வண்ணாத்தி அதில் வீடு வீடாகத் துணி எடுக்கிறாள். நூல் என் அலமாரியில் இருந்தது. என் ஆய்வெல்லை அந்த அலமாரிவரைகூட நீளவில்லை. எல்லையை வகுத்தது நெறியாளர் அல்லர். கதவுக்குப் பின்னால் நின்ற பதினொரு வயதுச் சிறுமி என்று இப்போது தோன்றுகிறது.

தேய்த்தலில் ஒரு கொடுமை உண்டு, கவிஞர்களே. நன்றாகச் செய்தால் செய்த சுவடே இராது. சுருக்கம் இல்லாத சட்டையைக் கண்டு, "தைத்தவர் யார்?" என்று கேட்பர், "என்ன துணி?" என்று கேட்பர். தேய்த்தவரைக் கேளார். பிழை நேர்ந்தால் மட்டும் அவர் பெயர் வெளியே வரும். என் பிழைக்கு இன்னொருவர் பெயர் வெளியே வந்தது.

அந்த அம்மையார் 2012-இல் காலமானார். எனக்குச் செய்தி எட்டியபோது ஓராண்டு கடந்துவிட்டது. அவர் மகன் இப்போது நான் பணியாற்றும் நகரில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் தேய்ப்பு வண்டி வைத்திருக்கிறார். கரியை விட்டுவிட்டு எரிவாயுப் பெட்டிக்கு மாறியிருக்கிறார். மூன்றாண்டுகளுக்கு முன் தற்செயலாக அவ்வழியே சென்றபோது அவரே என்னை அடையாளம் கண்டு, "சார் மகதானம்மா?" என்றார். அப்பாவைப் பற்றி விசாரித்தார். நல்ல சார் என்றார். நான் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் இருவர் துணியோடு நின்றிருந்தார்கள். "இன்னொரு நாள் வருகிறேன், அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த 'அண்ணே' என் வாயில் சரியாக வந்ததா என்பதையே வீடு வரும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். அதன்பின் அத்தெரு வழியாகச் செல்வதைத் தவிர்த்தேன். என் வீட்டுச் சட்டைகளை நானே தேய்க்கிறேன். சிக்கனம் என்று அயலார் நினைக்கிறார்கள்.

இவ்வுரை விழா மலரில் அச்சாகும் என்று பொறுப்பாளர்கள் சொன்னார்கள். அவர் படிப்பவர். துணி சுற்றுவதற்காக வாங்கும் பழைய நாளிதழ்களை விரித்துப் படித்துவிட்டே சுற்றுகிறார் என்பதை அன்று கண்டேன். மலர் வந்ததும் ஒரு படியை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குச் செல்வேன். எந்தப் பக்கம் என்று அவர் தேட வேண்டியிராது. அந்தப் பக்கத்தின் முனையை மடித்தே கொடுப்பேன்.